இரைப்பையும் இதயமும் ஒரே படத்தில்

ஐந்தாம் மாத ஸ்கேனில் டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டால் படுத்திருக்கும் அம்மாவுக்கு உடனே புரிந்துவிடும். அதுவரை "இது கை, இது முதுகெலும்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நெஞ்சுப் பகுதிக்கு வந்ததும் ப்ரோபை அங்கேயே வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். "கொஞ்சம் இடது பக்கமா திரும்பிப் படுங்கம்மா" என்கிறார். இன்னும் கொஞ்சம் ஜெல் தடவுகிறார். திரையில் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நெஞ்சின் வலது ஓரத்துக்கு ஒதுங்கிப் போயிருக்கிறது. இடது பக்கத்தில், அதே படத்தில், கறுப்பாக ஒரு குமிழ் தெரிகிறது. அது குழந்தையின் இரைப்பை.

குழந்தை பனிக்குட நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த நீர் நிரம்பியிருப்பதால் இரைப்பை ஸ்கேனில் கறுப்புக் குமிழாகத் தெரியும். அது வயிற்றில் தெரிய வேண்டும். நெஞ்சைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும் படத்தில் இதயத்தின் நான்கு அறைகளும் நுரையீரலும்தான் இருக்க வேண்டும். இதயமும் இரைப்பையும் ஒரே படத்தில் வருகின்றன என்றால், இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தடுப்பில் எங்கோ வழி இருக்கிறது என்று பொருள்.

அந்தத் தடுப்புக்குத் தமிழில் உதரவிதானம் என்று பெயர். உதரம் என்றால் வயிறு. விதானம் என்றால் மேலே கட்டும் கூரை. வயிற்றுக்குக் கூரையாகவும் நெஞ்சுக்குத் தரையாகவும் இருக்கும் மெல்லிய தசை அது. நாம் மூச்சை இழுக்கும்போது அந்தத் தசைதான் கீழே இறங்கி நுரையீரலுக்கு இடம் கொடுக்கிறது. பிறக்கும்போதே அதில் ஓட்டை இருந்து, வயிற்றில் இருக்க வேண்டியவை நெஞ்சுக்குள் ஏறியிருப்பதைத்தான் பிறவி உதரவிதான ஹெர்னியா என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சுருக்கமாக சி.டி.எச். ஹெர்னியாவுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் குடலிறக்கம் என்ற சொல் இங்கே பொருந்தாது. இங்கே குடல் இறங்கவில்லை, ஏறுகிறது.

ஏறக்குறைய 2,500 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. அரிய நோய் என்று தள்ளிவிட முடியாது. ஒரு பெரிய மகப்பேறு மருத்துவமனையில் வருடத்துக்குச் சிலரையாவது பார்ப்பார்கள்.

கரு உருவான முதல் வாரங்களில் நெஞ்சும் வயிறும் ஒரே அறையாகத்தான் இருக்கின்றன. நாலைந்து பகுதிகள் தனித்தனியாக வளர்ந்து வந்து ஒன்றோடொன்று ஒட்டி உதரவிதானம் ஆகிறது. பத்தாவது வாரம் வாக்கில் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் இன்னொன்றும் நடக்கிறது: அதுவரை தொப்புள்கொடிக்குள் வளர்ந்துகொண்டிருந்த குடல் வயிற்றுக்குத் திரும்பி வருகிறது. பின்பக்க ஓரத்தில் கதவு மூடாமல் கிடந்தால், வந்த குடல் நேரே நெஞ்சுக்குள் போய்விடும். பின்னால் பக்கவாட்டில் வரும் இந்த ஓட்டைக்கு போக்டலெக் ஓட்டை என்று பெயர். பிராக் நகரத்து உடற்கூறியலாளர் வின்சென்ஸ் போக்டலெக் 1848-இல் இதைப் பற்றி எழுதினார். நூற்றில் 80 முதல் 85 பேருக்கு இடது பக்கத்தில்தான் வருகிறது. வலது பக்கத்தில் வருவது குறைவு. இரண்டு பக்கமும் வருவது மிக அரிது.

ஓட்டையைத் தைத்துவிட்டால் போதுமே என்றுதான் முதலில் கேட்கும் எவருக்கும் தோன்றும். பெற்றோர் அப்படித்தான் கேட்கிறார்கள். தைப்பது பெரிய விஷயமே இல்லை. நுரையீரல்தான் விஷயம். மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிய வேண்டிய வாரங்களில், அது பிரிய வேண்டிய இடத்தில் குடலும் இரைப்பையும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அந்தப் பக்கத்து நுரையீரல் சுருங்கிப்போகிறது. இதயம் மறுபக்கம் தள்ளப்படுவதால் அந்தப் பக்கத்து நுரையீரலும் நெருக்கப்படுகிறது. காற்றறைகள் குறைவு, ரத்தக்குழாய்களும் குறைவு. இருக்கும் ரத்தக்குழாய்களின் சுவரும் தடித்துப் போகிறது. நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிவிடுகிறது. பிறந்த பிறகு இந்தக் குழந்தைகளின் உயிரைப் பறிப்பவை சிறுத்த நுரையீரலும் இந்த அழுத்தமும்தான்.

ஆனால் அம்மாவின் வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது. குழந்தை நன்றாக உதைக்கும், புரளும், எடை கூடும். அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் ஸ்கேனில் இதைப் பிடிப்பது இவ்வளவு முக்கியமாகிறது. பிறப்பதற்கு முன்னால் இதை வெளியே சொல்வதற்கு வேறு வழியே கிடையாது.

ஸ்கேனில் தெரிவது ஓட்டை அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் ஓட்டையை யாரும் பார்ப்பதில்லை. இடம் மாறிப் போனவற்றைப் பார்த்துத்தான் ஓட்டை இருக்கிறது என்று முடிவுக்கு வருகிறார்கள். முதல் சந்தேகம் இதயத்தின் இடத்தில் எழும். இடது பக்கம் இருக்க வேண்டிய இதயம் வலது பக்கம் தள்ளியிருந்தால், தள்ளியது யார் என்று தேட வேண்டும். வயிற்றுக்குள் இரைப்பைக் குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் இருக்காது. வயிற்றுச் சுற்றளவும் வாரத்துக்கு ஏற்றபடி இல்லாமல் சிறுத்திருக்கலாம், உள்ளே இருக்க வேண்டியது மேலே போய்விட்டதல்லவா? நெஞ்சில் குடல் இருந்தால், பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அது புழுப்போல நெளிவது தெரியும். நுரையீரல் அப்படி நெளியாது. கடைசி மாதங்களில் பனிக்குட நீர் கூடிப்போவதும் ஒரு அறிகுறி.

சரி, இத்தனை அறிகுறிகள் இருந்தும் ஏன் தவறிப்போகிறது? நல்ல ஸ்கேன் வசதி உள்ள நாடுகளிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு குழந்தைகளுக்குத்தான் பிறப்பதற்கு முன் தெரிகிறது. இடங்களைப் பொறுத்து இது கூடும், குறையும்.

ஒரு காரணம் கல்லீரல். வலது பக்க ஓட்டையில் மேலே ஏறுவது பெரும்பாலும் கல்லீரல்தான். ஸ்கேனில் கல்லீரலும் சாம்பல் நிறம், கருவின் நுரையீரலும் சாம்பல் நிறம். கறுப்புக் குமிழ் எதுவும் இல்லாமல் சாம்பலுக்குள் சாம்பல் கலந்துவிடுகிறது. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டு, கல்லீரலுக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் உதரவிதானம் இருக்க வேண்டிய கோட்டைத் தாண்டி மேலே போகின்றனவா என்று பார்த்தால்தான் தெரியும். பித்தப்பை நெஞ்சில் தெரிந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், இடது பக்க ஓட்டையிலும் சில குழந்தைகளுக்கு இரைப்பை வயிற்றிலேயே இருந்துவிடும், சிறுகுடல் மட்டும் மேலே போயிருக்கும். இரைப்பை சரியான இடத்தில் இருக்கிறது என்று ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்தால் இது தவறிப்போகும். நீளவாட்டுப் படத்தில் உதரவிதானம் ஒரு மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு தெரிந்துவிட்டதாலேயே ஓட்டை இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஓட்டை பின்பக்க ஓரத்தில் இருக்கும்போது முன்பக்கக் கோடு முழுசாகவே தெரியும். இன்னொன்று காலம். ஓட்டை பத்தாம் வாரத்திலிருந்தே இருந்தாலும், அதன் வழியாக ஏதாவது ஏறுவது ஏழாம், எட்டாம் மாதத்தில் நடக்கலாம். ஐந்தாம் மாதத்தில் உண்மையிலேயே எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும். அப்போது ஸ்கேன் பார்த்தவரைக் குறை சொல்ல முடியாது. பெற்றோர் கோபத்தில் இருக்கும்போது இதைப் புரிய வைப்பது கஷ்டம், ஆனாலும் உண்மை அதுதான்.

நெஞ்சில் எதையாவது பார்த்தால் எல்லாமே ஹெர்னியா என்றும் சொல்லக்கூடாது. நுரையீரலிலேயே நீர்க்கட்டிகள் உருவாகும் ஒரு பிறவிக் குறை இருக்கிறது. அதுவும் கறுப்புக் குமிழ்களாகத் தெரியும், அதுவும் இதயத்தைத் தள்ளும். வேறுபாடு வயிற்றில் தெரியும். அந்தக் குழந்தைக்கு இரைப்பை வயிற்றிலேயே பத்திரமாக இருக்கும். இரண்டுக்கும் எதிர்காலம் வேறு வேறு என்பதால், சந்தேகம் வந்ததும் கருவின் ஸ்கேனில் தனிப் பயிற்சி பெற்ற நிபுணரிடம் அனுப்பிவிடுவதே நல்லது.

சி.டி.எச். என்று உறுதியான பிறகு அடுத்த கேள்வி: நுரையீரல் எவ்வளவு மிச்சம்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இதயத்தின் நான்கு அறைகளும் தெரியும் படத்தை டாக்டர் திரையில் நிறுத்துகிறார். ஓட்டைக்கு எதிர்ப்பக்கத்து நுரையீரல் இதயத்துக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும். கர்சரை எடுத்து அதன் ஓரத்தை ஒட்டியே மெதுவாகக் கோடு இழுக்கிறார். விலா எலும்பின் நிழலை நுரையீரல் என்று சேர்த்துவிடக் கூடாது, இதயத்தின் சுவரைச் சேர்த்துவிடக் கூடாது. கொஞ்சம் கை தவறினாலும் எண் மாறிவிடும். பரப்பளவு சதுர மில்லிமீட்டரில் வருகிறது. அதைத் தலைச்சுற்றளவால் வகுக்கிறார். உதாரணத்துக்கு, நுரையீரல் 180, தலை 200 என்றால் விடை 0.9. நுரையீரல்–தலை விகிதம் என்று இதற்குப் பெயர். 1990-களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவில் குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணர் மைக்கேல் ஹாரிசனின் குழு இதைக் கொண்டுவந்தது.

ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதில் ஒரு சிக்கல் இருந்தது. 12-ஆம் வாரத்துக்கும் 32-ஆம் வாரத்துக்கும் இடையில் ஆரோக்கியமான கருவின் தலைச்சுற்றளவு நான்கு மடங்கு கூடுகிறது, நுரையீரலின் பரப்போ பதினாறு மடங்கு. ஆக, எந்தக் குழந்தைக்கும் வாரம் ஏற ஏற விகிதம் தானாகவே ஏறும். 22 வாரத்தில் 0.9 என்பதும் 30 வாரத்தில் 0.9 என்பதும் ஒன்றில்லை. அதனால் 2007-க்குப் பிறகு, அந்த வாரத்தில் இருக்க வேண்டிய அளவில் இந்தக் குழந்தைக்கு எத்தனை சதவீதம் இருக்கிறது என்று சொல்லும் முறை பரவலானது. இடது பக்க ஹெர்னியாவில் 25 சதவீதத்துக்குக் கீழே என்றால் கடுமை. 25 முதல் 35 வரை நடுத்தரம். 35 முதல் 45 வரை இருந்தாலும் கல்லீரல் மேலே ஏறியிருந்தால் நடுத்தரம் என்றே வைத்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் எம்.ஆர்.ஐ. எடுத்து நுரையீரலின் மொத்தக் கொள்ளளவையும் அளக்கிறார்கள்.

கல்லீரல் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இத்தனை முக்கியம் வந்ததற்குப் பின்னால் ஒரு வலியான பாடம் இருக்கிறது. ஹாரிசன் ஆட்டுக்குட்டிகளில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, தாயின் கருப்பையைத் திறந்து கருவின் ஓட்டையை உள்ளேயே தைக்கும் முயற்சியில் இறங்கினார். வெற்றிபெற்ற முதல் அறுவைச் சிகிச்சை பற்றிய கட்டுரை 1990-இல் வெளியானது. ஆனால் கல்லீரல் நெஞ்சுக்குள் ஏறியிருந்த கருக்களில், அதைக் கீழே இழுத்ததும் தொப்புள்கொடியிலிருந்து வரும் ரத்தக்குழாய் மடங்கிக்கொண்டது. கரு இறந்துபோனது. யாருக்கு இந்தச் சிகிச்சை அதிகம் தேவையோ அவர்களுக்கே அது உதவவில்லை.

அதன் பிறகு யோசனை வேறு பக்கம் திரும்பியது. குரல்வளை அடைத்துப் பிறக்கும் அரிதான குழந்தைகளுக்கு நுரையீரல் அளவுக்கு மீறி வளர்ந்திருப்பதை மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள். கருவின் நுரையீரல் எப்போதும் ஒரு திரவத்தைச் சுரந்துகொண்டிருக்கும். வெளியே போக வழியில்லாவிட்டால் அது உள்ளேயே தேங்கி நுரையீரலை விரிக்கும். விரிவதே வளர்ச்சியைத் தூண்டுகிறது. அப்படியென்றால் ஓட்டையை விட்டுவிட்டு, மூச்சுக்குழாயைக் கொஞ்ச நாள் அடைத்துவைத்தால் என்ன?

இன்றைக்கு இதைச் செய்யும் விதம் இது: தாயின் வயிற்றில் சிறு துளை போட்டு, மெல்லிய கேமராக் குழாயைக் கருவின் வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் செலுத்தி, ஒரு குட்டி பலூனை ஊதி விட்டுவிடுகிறார்கள். 34-ஆம் வாரத்தில் அதை எடுத்துவிடுகிறார்கள். பெல்ஜியத்தின் லூவன் நகரில் யான் டெப்ரெஸ்ட், லண்டனில் கிப்ரோஸ் நிக்கோலைடிஸ், பார்சிலோனாவில் எடுவர்ட் கிராட்டகோஸ் ஆகியோர் இதை வளர்த்தெடுத்தார்கள். இது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பார்க்கப் பல நாடுகள் சேர்ந்து நடத்திய டோட்டல் ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. கடுமையான இடது பக்க ஹெர்னியா உள்ள 80 பேரில், பலூன் வைத்த 40 பேரில் 16 குழந்தைகள் உயிரோடு வீட்டுக்குப் போயின. வைக்காத 40 பேரில் 6 குழந்தைகள்தான். நடுத்தர நிலையில் இருந்தவர்களில் 63 சதவீதமும் 50 சதவீதமும். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால், நடுத்தர நிலையில் பலன் நிரூபணமாகவில்லை என்றுதான் முடிவு சொன்னார்கள். பலூனுக்கு விலையும் உண்டு. கடுமையான பிரிவில், பலூன் வைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பனிக்குடம் முன்கூட்டியே உடைந்தது. மற்றவர்களில் அது ஒன்பதில் ஒருவருக்குத்தான். பலூன் வைத்தவர்களில் முக்கால்வாசிக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன.

இந்த எண்களை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 25 சதவீதமா, 30 சதவீதமா என்பதில் ஒரு குடும்பத்தின் முடிவே மாறுகிறது. அந்த எண், ஒரு டாக்டர் கர்சரால் இழுத்த கோட்டிலிருந்து வருகிறது. அதனால் அந்த அளவை எடுத்துப் பழகிய கையிடம் இரண்டாவது முறை அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். முதலில் பார்த்த டாக்டர் தப்பாக நினைப்பாரோ என்று நம் ஊரில் பலரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். நல்ல டாக்டர் தப்பாக நினைக்க மாட்டார்.

ஹெர்னியா மட்டும்தானா, வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வேறு குறையும் இருக்கிறது, குறிப்பாக இதயத்தில். குரோமோசோம் கோளாறும் இருக்கலாம். அதனால் கருவின் இதயத்துக்கு எக்கோவும், பனிக்குட நீரை எடுத்து மரபணுப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். இந்தியாவில் 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 24 வாரத்தைத் தாண்டினாலும், கருவுக்குக் கடுமையான குறை இருப்பதாக மருத்துவ வாரியம் உறுதி செய்தால் கருக்கலைப்புக்குச் சட்டம் அனுமதிக்கிறது. கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அந்தத் தாயின் முடிவு. ஆனால் வாரியம், பரிசோதனை, அலைச்சல் எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். ஐந்தாம் மாத ஸ்கேனை 18, 19-ஆம் வாரத்திலேயே எடுத்துவிடுபவருக்கும், வேலை, வீடு என்று 23-ஆம் வாரம்வரை தள்ளிப்போட்டவருக்கும் கையில் இருக்கும் நேரம் ஒன்றல்ல.

கிரகணத்தன்று வெளியே போனதாலா, பப்பாளி சாப்பிட்டதாலா, தண்ணீர்க் குடம் தூக்கியதாலா என்று இந்த வாரங்களில் வீட்டில் ஆளுக்கொன்று கேட்பார்கள். எதுவும் இல்லை. பத்தாவது வாரத்துக்கு முன்பே, பலருக்கு வாந்திகூட நிற்காத நாட்களில், முடிந்துபோன விஷயம் இது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரே ஒரு காரணத்தைக் காட்டவே முடியாது. வேறு குறை எதுவும் சேராமல் ஹெர்னியா மட்டும் இருந்திருந்தால், அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிரண்டுதான். அந்தப் பெண்ணிடம் இதைச் சத்தமாகச் சொல்ல வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

முன்கூட்டியே தெரிவதால் கிடைக்கும் பெரிய லாபம் பலூன் அல்ல. பலூன் சிலருக்குத்தான், சில மையங்களில்தான். எல்லாருக்கும் கிடைக்கும் லாபம் பிறந்த முதல் ஐந்து நிமிடம். தெரியாமல் பிறந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். குழந்தை நீலமாகிறது, மூச்சு வாங்குகிறது, வயிறு மட்டும் படகுபோல உள்வாங்கி ஒட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் இருக்கும் நர்ஸ், எந்தக் குழந்தைக்கும் செய்வதுபோல, முகத்தில் மாஸ்க் வைத்து, காற்றை உள்ளே தள்ளும் ஆம்பு பேக்கை அழுத்துகிறார். மற்றக் குழந்தைகளுக்கு அது உயிர் கொடுக்கும் வேலை. இந்தக் குழந்தைக்கு, அழுத்திய காற்றில் ஒரு பங்கு உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்கும் குடலுக்கும் போகிறது. அவை இருப்பதோ நெஞ்சில். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவை உப்பி, கொஞ்சம் மிச்சமிருக்கும் நுரையீரலையும் நசுக்குகின்றன.

தெரிந்து பிறந்தால், பிரசவ அறையிலேயே பச்சிளங்குழந்தை நிபுணர் காத்திருப்பார். மாஸ்க் வைக்காமல் நேரே மூச்சுக்குழாய்க்குள் டியூப். மூக்கு அல்லது வாய் வழியாக இன்னொரு டியூப் இரைப்பைக்கு, அதிலிருந்து காற்றையும் நீரையும் உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். வென்டிலேட்டரை மென்மையான அழுத்தத்தில் வைப்பார்கள், சிறிய நுரையீரல் கிழிந்துவிடக் கூடாது. இதற்காக சிசேரியன்தான் வேண்டும் என்பதில்லை. 37 வாரம் தாண்டி, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தைகள் அறுவைச் சிகிச்சையும் ஒரே கட்டடத்தில் இருக்கும் இடத்தில் பிறக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுபோவதைவிட, அம்மாவின் வயிற்றிலேயே அந்த ஊருக்குப் போய்ச் சேர்வது குழந்தைக்குப் பாதுகாப்பான பயணம். அதற்கு வாடகைக்கு ஒரு அறை, கூட இருக்க ஒரு ஆள், பணம் என்று ஏற்பாடு செய்யத்தான் அந்த நான்கு மாதங்கள். அனுபவமுள்ள மையங்களில், உயிரோடு பிறக்கும் இந்தக் குழந்தைகளில் பத்துக்கு ஏழு பிழைக்கின்றன.

முன்பெல்லாம் பிறந்த உடனேயே அவசரமாக ஆபரேஷன் செய்வார்கள். இப்போது காத்திருக்கிறார்கள். நுரையீரலின் ரத்த அழுத்தம் இறங்கி, குழந்தை கொஞ்சம் நிலைப்படும் வரை ஒரு நாளோ, ஒரு வாரமோ, அதற்கும் மேலோ. அதன் பிறகு இடது விலாவுக்குக் கீழே ஒரு வெட்டு. சிறுகுடலையும் இரைப்பையையும் மண்ணீரலையும் ஒவ்வொன்றாக, கிழிந்துவிடாமல், கீழே இறக்குகிறார்கள். எல்லாம் வயிற்றுக்கு வந்து சேர்ந்த பிறகு, பின்பக்க ஓரத்தில் அந்த ஓட்டை தெரிகிறது. ஐந்தாம் மாதத்திலிருந்து எல்லாரும் பேசிக்கொண்டிருந்த அதைக் கண்ணால் பார்ப்பது அப்போதுதான். சிறியதாக இருந்தால் தசையின் இரு ஓரங்களையும் இழுத்துத் தைக்கிறார்கள். பெரியதாக இருந்தால் செயற்கைத் துணி வைத்து ஒட்டுப் போடுகிறார்கள்.